உப்புத் தண்ணீரை எங்கே வடிப்பது?

கேள்வி (சுருக்கம்): எனக்கு 52 வயது, நாகப்பட்டினம் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த துக்கம் ஆறுவதற்குள், பட்டா மாற்றணும் என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கினார். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. பதினைந்து மா நிலத்தில் எனக்கு ஒரு குழிகூட இல்லை. அதிலிருந்து வாயைத் திறந்தாலே கசப்பாக வருகிறது. மருமகள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் திருவிருந்துக்குப் போகிறேன். எத்தனையோ முறை ஜெபித்தும் மாறவில்லை. நான் என்ன செய்ய?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மருமகளைப் பற்றி நாலே வரி. நான் அந்த நாலு வரியில்தான் நின்றுவிட்டேன். குழம்பில் புளி கூடிப்போனதற்கு, "உங்க வீட்டுல ஏமாத்தத்தான் சொல்லிக்குடுத்தாங்களா" என்று அவளைக் கேட்டதாகவும், அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை யாரை ஏமாற்றினாள்? அண்ணனிடம் ஆறு வருஷமாகக் கேட்காத கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணன் செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதும் இல்லை, அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள். ஆனால் எபிரெயர் 12:15-ஐ எடுத்துப் பாருங்கள். "கசப்பான வேர்" முளைத்தால் கலக்கம் உண்டாகும், அதனால் "அநேகர்" தீட்டுப்படுவார்கள் என்று இருக்கிறது. வேர் ஒருவர் மனசில், கெடுவது பல பேர். உங்கள் வீட்டில் அது அடுப்படிவரை வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்ததை உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணிக்குத் தெற்கே என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்துப் போனபோது வயல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது, நடந்தால் காலடியில் நொறுங்கும். நான் அந்த மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது, கூடவே ஒரு கசப்பு. இனி இதில் என்ன விளையும் என்று நினைத்தேன். பெரியப்பா வரப்பை உயர்த்திக் கட்டினார், ஜிப்சம் போட்டார். மழைத்தண்ணீரை வயலில் நிறுத்தி, உப்பு கரைந்ததும் வடிகாலில் திறந்துவிடுவார், மறுபடி நிறுத்துவார், மறுபடி வடிப்பார். 2005 ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டியது அதற்கு நல்லதாகப் போயிற்று. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் உண்டு. ஒரே மழையில் எதுவும் சரியாகவில்லை. அப்புறம் அவர் ஒன்றில் ரொம்பக் கவனமாக இருந்தார்: அந்தத் தண்ணீரைப் பக்கத்து வயலில் விட மாட்டார், அதுவும் பாழாகும் என்று வாய்க்கால் தோண்டி வடிகாலுக்கே கொண்டுபோனார்.

நீங்கள் பக்கத்து வயலில் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்னாளைப் பாருங்கள், 1 சாமுவேல் முதல் அதிகாரம். பிள்ளையில்லாத அவளைச் சக்களத்தி பெனின்னாள் வருஷா வருஷம் குத்திப் பேசினாள். அவள் "மனங்கசந்து" அழுதாள் என்றே வேதம் சொல்கிறது, பக்தியுள்ள பெண்ணுக்குக் கசப்பே வராது என்று சொல்லவில்லை. அவள் அதைக் கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்குக் கொண்டுபோனாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றாள் அவள். பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டாள். பிள்ளை அப்போது இன்னும் பிறக்கவில்லை, பெனின்னாளும் மாறியதாக இல்லை.

ஜெபித்தும் மாறவில்லை என்கிறீர்களே, எப்படி ஜெபித்தீர்கள்? "ஆண்டவரே, கசப்பை எடுத்துப்போடும்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அது போதாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அந்தக் காலையை, அண்ணன் பேனாவை நீட்டியதை, நீங்கள் நம்பியதை, எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள், சங்கீதக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நாளைக்கு மறுபடி பொங்கும், மறுபடி போய் வடித்துவிடுங்கள். என் நாத்தனார் ஒருவரோடு நான் நான்கு வருஷம் பேசாமல் இருந்தவள். அவர் பெயரை ஜெபத்தில் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஒரு மாதம் பெயரை மட்டும் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவரை ஆசீர்வதியும் என்று சொல்ல வருஷம் திரும்பிவிட்டது, சொன்ன அன்று ரொம்ப அழுதேன்.

காலையில் அடுப்படிக்குப் போகுமுன் சங்கீதம் 141:3-ஐ வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." முதலில் மருமகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், இன்றைக்கே. "அண்ணன் மேல இருந்த கோவத்தை உன் மேல காட்டிட்டேன்மா" என்றால் போதும், காரணம் அடுக்க வேண்டாம். அவள் உடனே சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணன் விஷயத்தில் மத்தேயு 18:15 சொல்வதுபோல் நீங்களும் அவரும் தனித்திருக்கையில் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பெரியவர்களோடு, அப்புறம் சபைப் போதகரான ஐயரிடம். மன்னிப்பது என்றால் பங்கை விட்டுக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் ஒரு வக்கீலிடம் அதைக் காட்டிக் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. கேட்டு, கிடைக்காமலே போனாலும் ஜெபத்தை மட்டும் விடாதீர்கள், அது நிலத்துக்காகச் செய்வது இல்லை.

அண்ணனைப் பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே எனக்கு எழுதுங்கள். அன்று காலை நானும் உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன்.