அம்மாவின் விசா போட்டோவில் மச்சத்தை அழித்த ஸ்டுடியோ: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் தங்கைக்குத் தலைப்பிரசவம். துணைக்குப் போவதற்காக 66 வயதான என் அம்மாவுக்கு, ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கேட்டு விண்ணப்பித்தோம். 'எல்லா நாட்டு விசா போட்டோவும் எடுக்கப்படும்' என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு ஸ்டுடியோவில் 200 ரூபாய் கொடுத்துப் படம் எடுத்தோம். அவர்கள் அம்மாவின் முகத்தை வெளுப்பாக்கி, இடது கன்னத்தில் இருக்கும் பெரிய மச்சத்தையும் அழித்துவிட்டார்கள். பாஸ்போர்ட் படத்தில் அந்த மச்சம் தெளிவாக இருக்கிறது. புகைப்படம் விதிப்படி இல்லை என்று தூதரகத்திலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிட்டது. விமான டிக்கெட்டும் வீணாகிறது. ஸ்டுடியோவில் பில் தரவில்லை. 200 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். திருத்தாத மூலப் படத்தையும் தர மறுக்கிறார்கள். 'கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்' என்று என் மனைவி சொன்னது உண்மை. இனி அம்மாவுக்கு விசா கிடைக்குமா? ஸ்டுடியோ மீது வழக்குப் போடலாமா? மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள், அம்மா சம்மதிக்கவில்லை.

பதில்: நீங்கள் இணைத்திருந்த தூதரகக் கடிதத்தைப் படித்தேன். முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவருக்கு விசா மறுக்கப்படவில்லை. கடிதத்தில் இருப்பது, விண்ணப்பம் 'ஏற்புக்குரியதல்ல' என்ற முடிவு. இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசா சட்டத் தொகுப்பு 2009-இல் இயற்றப்பட்டது. அதன் 19-ஆவது பிரிவின்படி, படிவம், பாஸ்போர்ட், விதிப்படியான புகைப்படம், கைரேகை, கட்டணம் ஆகியவை சரியாக இருந்தால்தான் தூதரகம் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்து ஆராயும். ஒன்று சரியில்லை என்றாலும் ஆராயாமலே ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிந்த கைரேகையை அழித்து, விசா கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஷெங்கன் நாடுகள் பகிர்ந்துகொள்ளும் விசா தகவல் அமைப்பில் ஒருவருக்குக் கோப்பு தொடங்கப்படுவதே விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான். மறுப்பு என்பது வேறு. அது 32-ஆவது பிரிவின் கீழ், காரணம் குறிக்கப்பட்ட தனிப் படிவத்தில் வரும்.

ஆகவே அம்மா நாளை பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்து, 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா' என்று படிவம் கேட்டால், இந்த நிகழ்வு அதில் சேராது. அந்தக் கடிதத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். விளக்கம் கேட்டால் காட்ட வேண்டிய ஆவணம் அதுதான். அமெரிக்க விசாவுக்கு இதே கணக்கைப் போட்டுவிட வேண்டாம். அங்கே ஆவணக் குறைபாட்டுக்காக 221(ஜி) பிரிவின் கீழ் தாள் கொடுத்தாலும் சட்டப்படி அது மறுப்புதான். அடுத்த முறை படிவத்தில் 'ஆம்' என்றே எழுத வேண்டும்.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அது திரும்பி வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் 19-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் மையம் தனியாக வசூலிக்கும் சேவைக் கட்டணம் இதில் அடங்காது. கைரேகை அழிக்கப்பட்டுவிடுவதால் அம்மா மறுபடியும் நேரில் போக வேண்டியிருக்கும். பயணத் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பாகவாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். முடிவெடுக்கத் தூதரகத்துக்கு வழக்கமாக 15 நாள் அவகாசம், சில நேரங்களில் 45 நாள் வரைகூட நீளும். பிரசவத் தேதி காத்திருக்காது. எனவே வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த வாரமே புதுப் படம் எடுத்துவிடுங்கள்.

அந்தப் படம் 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில், கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மோவாயிலிருந்து உச்சந்தலை வரை 32 முதல் 36 மில்லிமீட்டர், அதாவது முகம் படத்தில் 70 முதல் 80 சதவீதத்தை நிறைக்க வேண்டும். நேர்பார்வை, மூடிய வாய், திறந்த கண்கள், நிழல் விழாத வெளிர் நிறப் பின்னணி. கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றிவிட்டு எடுப்பது பாதுகாப்பு; கண்ணாடியில் விளக்கொளி மின்னினாலே படம் கெட்டுவிடும். மூக்குத்தியைக் கழற்றும்படி எந்த விதியும் சொல்லவில்லை. நகை முகத்தை மறைக்கக் கூடாது, ஒளி பட்டுப் பளபளக்கக் கூடாது, அவ்வளவுதான். எட்டுக்கல் பேசரியாக இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கல் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கலாம்; விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பொட்டும் வழக்கம்போல இருக்கட்டும்.

மச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஷெங்கன் விசா ஒட்டுத்தாளிலேயே விண்ணப்பதாரரின் படம் அச்சாகிறது. பிராங்பர்ட்டில் இறங்கும் அம்மாவின் முகத்தை எல்லை அதிகாரி அந்தப் படத்தோடும் பாஸ்போர்ட்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்றில் மச்சம் இருந்து மற்றொன்றில் இல்லை என்றால், மொழி தெரியாத ஊரில் 66 வயதுப் பெண்மணி தனியாக நின்று விளக்கம் சொல்ல நேரும். அதனால்தான் திருத்தப்பட்ட படத்தைத் தூதரகங்கள் ஏற்பதில்லை. நம் ஸ்டுடியோக்களில் கறுப்பு நிறத்தை வெளுப்பாக்குவது கேட்காமலே செய்யப்படும் வேலையாகிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் அதைச் செய்வதே எனக்கு ஒப்புதல் இல்லை. அடையாள ஆவணத்தில் செய்வது நேரடியாகக் கேடு விளைவிக்கும். அம்மாவின் நிறத்திலும் மச்சத்திலும் திருத்த வேண்டியது எதுவும் இல்லை.

இனி இழப்பீடு. காசு வாங்கிக்கொண்டு விசாவுக்கென்று படம் எடுத்துத் தருவது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. எந்த நோக்கத்துக்காக எடுத்தார்களோ அதற்கே உதவாத படத்தைக் கொடுத்தது சேவைக் குறைபாடு. முறைப்படி பில் தர மறுப்பது தனியே நியாயமற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தொடரலாம் என்பது இந்தச் சட்டம் தந்த வசதி. செம்பூருக்குரிய மும்பை புறநகர் மாவட்ட ஆணையம் பாந்த்ரா கிழக்கில் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கும், இப்படி ஆகும் என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு தருகிறது. தொலைவான, மறைமுகமான இழப்புக்குத் தருவதில்லை. 200 ரூபாய், மையத்தின் சேவைக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, அம்மா பட்ட அலைச்சல் ஆகியவற்றை நம்பிக்கையோடு கேட்கலாம். டிக்கெட்டில்தான் சிக்கல். பயணத் தேதியை ஸ்டுடியோவில் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா? விசா கைக்கு வரும் முன் மாற்ற முடியாத டிக்கெட்டை ஏன் வாங்கினீர்கள் என்றும் எதிர்த்தரப்பு கேட்கும். தூதரகங்களே முன்பதிவு போதும் என்றுதான் சொல்கின்றன. கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

உங்கள் மனைவி சொன்னதை மறைக்க வேண்டாம். புகாரிலேயே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதை வெளியே கொண்டுவந்தால் உங்கள் மற்ற சொற்களும் நம்பிக்கை இழக்கும். 'பளிச்சென்று' என்றால் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று பொருள் கொள்ளலாமே தவிர, மச்சத்தை அழி என்று யாரும் கேட்கவில்லை. எல்லா நாட்டு விசா போட்டோவும் எடுப்போம் என்று பலகை மாட்டியவருக்கு, எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டிய கடமை வாடிக்கையாளரைவிட அதிகம். இழப்பீட்டில் ஓரளவு குறைக்கப்படலாம். வழக்கு இதனால் விழாது.

மூலப் படத்தைத் தர மறுப்பதற்கும் அவர்களுக்கு ஆதாரமில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டபடி பணத்துக்காக எடுக்கப்படும் புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. அம்மாவின் படத்தை ஷோகேஸில் வைக்கவும் அவர்கள் உங்களைக் கேட்டாக வேண்டும். கோப்பு கிடைத்தால் உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல சான்று இல்லை: மச்சத்தோடு ஒரு படம், மச்சம் இல்லாமல் அதே படம்.

இப்போதே சேகரிக்க வேண்டியவை சில உண்டு. ஸ்டுடியோவுக்குப் பணம் செலுத்திய யுபிஐ பதிவு, அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பலகையின் படம், திரும்பி வந்த அச்சுப் பிரதி. கைபேசியில் உள்ளவற்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைத்தால் மறுப்புக்கு இடமிருக்காது. உரிமையாளரின் சரியான பெயர், 'குமாஸ்தா' என்று மும்பையில் சொல்லப்படும் கடைப் பதிவுச் சான்றில் இருக்கும். பலகைப் பெயரை மட்டும் போட்டு நோட்டீஸ் அனுப்பினால் திரும்பி வந்துவிடலாம். நோட்டீஸை அவருக்குப் புரியும்படி இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மூலப் படம், பில், செலவுத் தொகை மூன்றையும் அதிலேயே கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாலே சில கடைக்காரர்கள் இறங்கி வந்துவிடுகிறார்கள். வரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அம்மா பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுகூட அதைச் செய்யலாம்.