மே மாதத்தில் சிறு பிள்ளைகளோடு இராமேசுவரம் கடற்கரையில் நான்கு நாள் தங்கலாமா?

ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும், கோயில் தரிசனத்தோடு நின்றுவிடாமல் கடலை ஒட்டி ஏதாவது செய்ய விரும்புகிறீர்கள் என்றும், ஆனால் உங்கள் கணவர் "கத்திரி வெயிலில் யாராவது கடற்கரைக்குப் போவார்களா, கொடைக்கானலுக்குப் போகலாம்" என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகலாம் என்பதே என் பதில். இதே வயதுப் பிள்ளைகளோடு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் அங்கே நான்கு நாள் தங்கியிருக்கிறேன். அங்கே ஒரு பெரிய தவற்றையும் செய்திருக்கிறேன். அந்தத் தவற்றை இன்றுவரை குடும்ப விசேஷம் ஒன்று விடாமல் என் நாத்தனார் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை நானே ஒரு முறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நாங்களும் நாத்தனார் குடும்பமுமாக, நான்கு பிள்ளைகளோடு மதுரையிலிருந்து இரண்டு கார்களில் போனோம். ஏறத்தாழ 170 கிலோமீட்டர். என் மகனுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று ஆசை. பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகும்போது சன்னல் வழியாகக் கீழே கடலைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்; ரயில்கள் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தன. சாலைப் பாலத்தில் காரை மெதுவாக ஓட்டி, பழைய பாலத்தையும் அதன் பக்கத்தில் எழுந்துகொண்டிருந்த புதிய பாலத்தின் தூண்களையும் காட்டி அவனைச் சமாதானப்படுத்தினோம். இந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. கப்பல் வரும்போது பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல இருபுறமும் விரிந்து எழுவது வழக்கமாக இருந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கியைப் போல அப்படியே செங்குத்தாக மேலேறும். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, இயன்றால் ரயிலிலேயே போங்கள்.

தங்குமிடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். "கடல் தெரியும் அறை" என்று கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுத்த அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கேட்டதற்கு, மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும் என்றார்கள். தண்ணீரும் காலை ஆறு மணிக்கு நின்றுவிடும். உப்பு நீரில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டியிருப்பதால், கடல் தெரிகிறதா என்று கேட்பதைவிடக் குழாயில் நாள் முழுவதும் நல்ல தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இராமேசுவரம் தீவு கிழக்கே போகப் போகக் குறுகி, தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் ஒரு மணல் வாலாக முடிகிறது. அந்த வாலின் வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. சாலையின் இரு புறமும் கடல் இருப்பதால், நம்மைப் போல உள்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே கடலாகத்தான் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் பிரித்தே சொல்கிறார்கள். மே மாதத்தில், கச்சான் என்று அவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று எழத் தொடங்கினால் தெற்குக் கடல் புரண்டுகொண்டிருக்கும். அதே நேரத்தில் வடக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறும். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் நான் இந்தப் பதிலையே எழுத வேண்டியிருந்திராது.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குத் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே அழிந்ததையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துச் சென்றதையும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். கூரையற்ற தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் அவர்கள் அமைதியாகப் பார்த்தார்கள். பிறகு, பொறுமை போய்விட்டது. நாத்தனாரின் கணவர் தென்புறக் கரையைக் காட்டி, "குளிக்க வேண்டாம், கால் மட்டும் நனைத்துக்கொள்ளட்டும்" என்றார். எச்சரிக்கைப் பலகை இருந்தது. பலகையில் எழுதியிருப்பது குளிப்பவர்களுக்குத்தான், கால் நனைப்பவர்களுக்கு அன்று என்று நானும் நினைத்துக்கொண்டேன். பழியை அவர்மேல் போட மாட்டேன், சரி என்று தலையசைத்தது நான்தான்.

முழங்கால் அளவுகூட இல்லை. ஓர் அலை வந்து திரும்பியபோது என் மகனின் ஒரு செருப்பு கழன்று நீரோடு போயிற்று. அதை எடுக்க அவன் நான்கு அடி ஓடினான். அந்தக் கரை அங்கே சட்டென்று சரிகிறது என்பது அவன் இடுப்புவரை இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. திரும்பிப் போகும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போக, அவன் நின்ற இடத்திலேயே நழுவிக்கொண்டிருந்தான். நான் கத்தினேனே தவிர, என் கால் நகரவில்லை. மீன் வறுத்து விற்கும் குடிசையிலிருந்து ஓர் அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து, பக்கவாட்டில் இறங்கி, அவன் சட்டையைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் மூக்கில் உப்பு நீர் ஏறி இருமினான், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த அம்மாள் எங்களைத் திட்டியதை அப்படியே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. "கச்சான் எந்திரிச்சுக் கெடக்கு, இந்தப் பக்கம் யாராச்சும் எறங்குவாகளா? ரோட்டத் தாண்டி நாலு எட்டு வச்சா பெண் கடல் தூங்கிக்கிட்டு இருக்கு. கேக்க வாயில்லையா?" என்றார். உண்மையில் நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கைப்பேசியில் வெயில் எவ்வளவு, மழை வருமா, சாலையில் நெரிசல் உண்டா என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தோம். அன்றைக்கு எந்தப் பக்கக் கடலில் கால் வைக்கலாம் என்று அங்கே வாழ்கிற ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

திட்டி முடித்த பிறகு அவர் பிள்ளைகள் நால்வரையும் குடிசைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கடலிலிருந்து நூறு அடி தூரம்கூட இராது. மணலில் தோண்டியிருந்த ஒரு குழியில் தண்ணீர் தெளிந்து நின்றது. சிரட்டையில் மொண்டு கொடுத்தார், உப்பில்லை. இருபுறமும் கடல் இருக்கும்போது நடுவில் எப்படி நல்ல தண்ணீர் வரும் என்று என் மகள் கேட்டாள். மழை நீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது, அது உப்பு நீரைவிட இலேசானது என்பதால் மேலேயே மிதந்து நிற்கிறது, ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும் என்று நான் பள்ளிக்கூடப் பாடம் போல விளக்கினேன். அந்த அம்மாள், "கை முழங்கைக்கு மேல போகக் கூடாது, அம்புட்டுத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அவர்களையே ஒரு குழி தோண்டச் சொன்னார். ஒரு மணி நேரம் நான்கு பிள்ளைகளும் வேறு எதையும் கேட்கவில்லை. கலங்கலாக ஊறி, பிறகு மெல்லத் தெளிந்த அந்தத் தண்ணீரை அவர்கள் பார்த்த பார்வையை, நாங்கள் பணம் கொடுத்துக் காட்டிய எதையும் பார்க்கும்போது நான் காணவில்லை.

"இத்தனைக்குப் பிறகும் போகச் சொல்கிறாயே, நீ எல்லாம் ஒரு தாயா" என்று யாராவது கேட்கக்கூடும். என் நாத்தனார் கேட்டுவிட்டார். மலைப்பகுதியிலும் வழுக்கும் அருவிப் பாறைகள் இருக்கின்றன, அங்கேயும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. எந்த இடமானாலும் பலகையைத் தன் வசதிக்கு ஏற்றபடி வாசித்துக்கொள்கிற பெற்றோர்தான் ஆபத்து. அன்று அப்படி வாசித்தவள் நான் என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே தனுஷ்கோடியிலும் அரிச்சல்முனையிலும் பிள்ளைகளை நீரில் இறக்கவே இறக்காதீர்கள்; பார்ப்பதற்கான இடமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். அங்கே நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாலையானால் காவலர்களே எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள்.

நீரில் ஆட வேண்டுமானால் தீவிலிருந்து வெளியே வந்து, உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். அது பாக் நீரிணைப் பக்கம். கரை முழுவதும் சவுக்குத் தோப்பு. நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுக்கு மேல் ஆழம் ஏறாது. அலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றாம் நாள் முழுவதையும் அங்கேதான் கழித்தோம், தனுஷ்கோடியில் நடுங்கிய என் மகன் தானாகவே மறுபடியும் கடலில் கால் வைத்ததும் அங்கேதான். ஒரே ஒரு தொல்லை, சொறி எனப்படும் இழுதுமீன், அதாவது ஜெல்லி மீன். என் மகளின் கெண்டைக்காலில் சவுக்கால் அடித்தது போலச் சிவந்த கோடு விழுந்துவிட்டது. நான் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவப் போனேன். தோப்பில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் தடுத்து, கடல் நீராலேயே கழுவ வேண்டும், மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சொல்லி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் எரிச்சல் அடங்கியது. நான் மருத்துவர் அல்லள். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் வெந்நீரை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நான்காம் நாள் திரும்பும் வழியில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் காரங்காட்டுக்குப் போனோம். மதுரைக்கு அது சுற்றுவழிதான், ஆனாலும் போங்கள். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். நாமே துடுப்புப் போடும் சிறு படகுகளும் உண்டு, உயிர்காப்புச் சட்டையும் கொடுக்கிறார்கள். பறவைகளுக்காகப் போவதானால் குளிர்காலம்தான் ஏற்றது. மே மாதத்தில் கொக்குகளையும் சில நாரைகளையும்தான் பார்த்தோம். பிள்ளைகளுக்கோ சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தது போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களும், அவற்றிடையே ஓடும் நண்டுகளுமே போதுமானவையாக இருந்தன. என் கணவரும் மகனும் ஏறிய படகு நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டில் செருகிக்கொண்டுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தவர் முழங்கால்வரை புதைந்து போக, படகோட்டி வந்து சிரித்துக்கொண்டே கயிறு கட்டி இழுத்தார். மகனுக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியில், முதல் நாள் ரயில் ஏமாற்றம் கரைந்து போயிற்று.

சிறு செய்திகள் சில. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டு வருவதுதான் கிடைக்கும், மீன் விலை கூடுதலாகவே இருக்கும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவர வேண்டாம்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். என் மகள் பையில் ஒளித்து வைத்திருந்ததை அந்தத் தேநீர்க் கடைக்காரர் பார்த்துச் சொல்லித்தான் திரும்பப் போட வைத்தோம். கோயிலுக்கு ஒரு காலைப் பொழுதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டால், அதையும் நீர் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தெரியும். நாங்கள் அதை முதல் நாளே முடித்துவிட்டோம். அப்படியும் "கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலில் கூத்தடித்துவிட்டு வந்தார்கள்" என்று என் மாமியார் ஓர் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

புறப்படுவதற்கு முன், இரண்டு பிள்ளைகளுக்கும் குதிகாலில் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.