வீட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்காரரைப் பாருங்கள்

தம்பி, அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து பாங்காக்குக்கு வேலைக்கு வருவதாகவும், மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். "தாய்லாந்தில் எல்லாம் மலிவு, யாரும் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்கிறார்கள், நிஜமா? நாங்கள் சுத்த சைவம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது ஐந்து நாள் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லும் கதை. இங்கே யாரும் உங்களிடம் குரலை உயர்த்த மாட்டார்கள், அது உண்மை. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அம்மா சிரித்துக்கொண்டே "ஒரு தாள் குறைகிறது, நாளை வாருங்கள்" என்பார். அந்தத் தாள் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியதாக இருக்கும். ஆகவே வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெளிநாட்டவர் ஒருவர் தன் வீட்டில் தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தில் 38ஆம் பிரிவு இது. படிவத்தின் பெயர் டிஎம் 30. இங்கே இருக்கும் இந்தியர்கள் தூக்கத்தில்கூட இந்தப் பெயரைச் சொல்வார்கள். சட்டப்படி கடமை வீட்டுக்காரருடையது. ஆனால் விசாவை நீட்டிக்க வரிசையில் நிற்கும்போது அந்தச் சீட்டைக் கேட்பது உங்களிடம்தான். என் முதல் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், பழமெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார். டிஎம் 30 என்றால் மட்டும் போனை எடுக்க மாட்டார். வாடகை வருமானம் அரசாங்கக் கணக்கில் ஏறிவிடும் என்ற பயமாக இருக்கலாம். கடைசியில் விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்து வாங்கினேன். அதனால் வீடு பார்க்கப் போனால் நீச்சல் குளத்தை அப்புறம் பாருங்கள். "டிஎம் 30 செய்து தருவீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வி கரன்ட். தனி உரிமையாளரின் காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு) என்றால் பெரும்பாலும் பாங்காக் மின்வாரியத்தின் பில் நேராக வரும், யூனிட் சுமார் 4 பாத். செவன் இலெவன் கவுண்டரில் பில்லை நீட்டினால் கட்டிவிடலாம். மொத்தக் கட்டடமும் ஒரே முதலாளியுடையது என்றால், அவரே மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 7, 8 பாத் என்று வாங்குவதுண்டு. குழந்தை இருக்கிறது, ஏப்ரல் மாதத்தில் ஏசியை நிறுத்த முடியாது. மாதம் 500 யூனிட் ஓடினால் வித்தியாசம் மட்டுமே 1,500 முதல் 2,000 பாத். வாடகை ஆயிரம் குறைகிறதே என்று மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மூன்றாவது முன்பணம். இங்கே வழக்கம் இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத அட்வான்ஸ். 2018இல் ஒரு விதி வந்தது: பல வீடுகளை வாடகைக்கு விடுகிறவர் ஒரு மாத டெபாசிட், ஒரு மாத அட்வான்ஸுக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரே ஒரு காண்டோ வைத்திருக்கும் தனி ஆளை அது கட்டுப்படுத்தவில்லை, வழக்கமும் மாறவில்லை. எனக்கு ஒரு வீட்டில் 24,000 பாத் டெபாசிட் திரும்பவே இல்லை. சுவரில் முருகன் படம் மாட்டிய ஆணித் துளைக்கு முழு வீட்டுக்கும் பெயின்ட் செலவு எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து குடியேறும் நாளிலேயே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து, லைன் ஆப்பில் வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுகிறேன். இங்கே வாட்ஸ்அப்பைச் சீந்துவார் இல்லை, எல்லாம் லைன்தான். பிரச்சினை முற்றினால் நுகர்வோர் பாதுகாப்பு வாரியம் இருக்கிறது, 1166. தாய்லாந்து மொழி பேசும் அலுவலக நண்பரை விட்டுப் பேசச் சொல்லுங்கள், அதுதான் நடைமுறை.

வீட்டுக்கு அடுத்து 90 நாள் கணக்கு. ஒரு வருட விசா இருந்தாலும், தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால் இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்னாலிருந்து 7 நாள் பின்னால் வரை அவகாசம். முதல் தடவை நேரில் போக வேண்டும், அப்புறம் இணையத்தில் முடித்துக்கொள்ளலாம். நடுவில் ஊருக்குப் போய் வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒரு முறை பொங்கல் நேரத்தில் மறந்து 2,000 பாத் கட்டினேன். இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. ஊருக்குக் கிளம்பும் முன் ரீ என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் விமானம் ஏறினால் ஒரு வருட விசாவே செத்துப்போகும். ஒரு தடவைக்கு 1,000 பாத், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாத். என் நண்பர் ஒருவர் அப்பா தவறிய செய்தி கேட்டு ஓடியவர், இதை எடுக்காமல் போய், காரியம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து விசாவுக்கு அலைந்தார். அவசரம் சொல்லிக்கொண்டு வராது. மூன்று பேருக்கும் பலமுறைப் பெர்மிட்டே எடுத்துவிடுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், இங்கே ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பும். ஒருவர் பெயரையே இரண்டு முறை எழுதுவார், ஒருவர் கோடு போடுவார். வொர்க் பெர்மிட், வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாவற்றிலும் ஒரு எழுத்து பிசகாமல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வங்கி ஆப்பில் இருக்கும் எண்ணும் சிம் வாங்கியவர் பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பதில் இப்போது கண்டிப்பு. 50,000 பாத்துக்கு மேல் ஒரே தடவையில் அனுப்பினால் முகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லும். கணக்கு ஒன்று திறந்துவிட்டால் பாதி வாழ்க்கை சுலபம். தெருவில் வாழைப்பழம் பொரிக்கிற அக்காகூட ப்ராம்ப்ட்பே (நம் யூபிஐ மாதிரி) க்யூஆர் வைத்திருக்கிறார்.

சரி, கடைக்கு வருவோம். பால் பாக்கெட்டில் 15/08/69 என்று போட்டிருந்தால் மிரளாதீர்கள். இங்கே புத்த ஆண்டு, நம்முடையதைவிட 543 கூடுதல். 69 என்றால் 2569, அதாவது 2026. வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, வாகன வரி எல்லாம் இந்தக் கணக்கில்தான். சந்தையில் இன்னொரு கணக்கு: கீட். ஒரு கீட் என்பது 100 கிராம். முதல் வாரம் பூண்டுக்கு 15 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே என்று இரண்டு கிலோ போடச் சொன்னேன். அட்டையில் இருந்தது ஒரு கீட் விலை. வாங்காமல் வரவும் வெட்கம், ஆறு மாதம் அந்தப் பூண்டைத் தின்றோம் என்று என் மனைவி இன்றும் சொல்வாள், கொஞ்சம் மிகைதான். 2020 ஜனவரியிலிருந்து பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பை இலவசமாகத் தருவதில்லை. நம் ஊர் மஞ்சப்பை நாலு எடுத்து வாருங்கள்.

தாய்லாந்து மொழி எண்களையும் ஒரு மாலையில் உட்கார்ந்து பழகிவிடுங்கள், பத்தே எழுத்து. தேசியப் பூங்காக்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், நமக்கு ஒரு கட்டணம். காவ் யாய் பூங்காவில் உள்ளூர்க்காரருக்கு 40 பாத் என்றால் நமக்கு 400 என்பது நான் கட்டிய கணக்கு. இந்த மாதிரி இடங்களில் சின்ன விலையைத் தாய் எண்ணில் எழுதி வைத்திருப்பார்கள். தாய்லாந்து டிரைவிங் லைசென்ஸ் காட்டினால் சில இடங்களில் உள்ளூர் விலைக்கு விடுவார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். விவாதம் செய்யாதீர்கள். குரலை உயர்த்தினால் இங்கே அந்த நிமிஷமே தோற்றுவிட்டீர்கள்.

நீங்கள் வாங்காத பார்சல் ஒன்று உங்கள் பெயருக்கு வரலாம். வந்ததும் காசு கொடுக்கும் முறையில் 200, 300 பாத் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் நாம்தான் ஆர்டர் செய்தோமோ என்று கட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி வந்ததில் உள்ளே ஒரு ரப்பர் செருப்பு, அதுவும் ஒற்றைக் கால். இது பெருகிப்போய், 2024 அக்டோபர் 3 முதல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், டெலிவரி நிறுவனமும் அந்தப் பணத்தை ஐந்து நாள் தன்னிடமே வைத்திருந்துவிட்டுத்தான் விற்றவருக்குக் கொடுக்க வேண்டும். தெரியாத பார்சலை வாங்கவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

சைவத்துக்கு இரண்டு சொல். 'ஜே' என்றால் இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பால், வெங்காயம், பூண்டும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். 'மங்ஸவிரத்' என்பது நம் மாமிச விரதம்தான், இதில் பாலும் முட்டையும் வரும். சாதாரணக் கடையில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், அதை நீக்கிவிட்டு மீன் சாறையும் சிப்பி சாஸையும் ஊற்றித் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. "மாய் ஸாய் நாம் ப்லா", மீன் சாறு போடாதீர்கள், இந்த ஒரு வாக்கியத்தை மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். முருங்கை, புளி, தேங்காய்க்கு எந்தச் சந்தையிலும் பஞ்சமில்லை. பருப்பு, மசாலாவுக்கு இந்தியக் கடைகள் இருக்கும் பாகுராத் போங்கள். சீலோமில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிப்பார், 'வாத் கேக்' என்றால் கொண்டுபோய் விடுவார். கேக் என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள், நம்மைப் போன்ற ஆட்கள் என்றும் பொருள். நானும் முதலில் கொஞ்சம் முறைத்தேன், இப்போது பழகிவிட்டது. விஜயதசமி இரவில் வாருங்கள். சீலோம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு அம்மன் ஊர்வலம் நடக்கும், கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள்தான்.

மனைவியிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் ஒன்று. குடும்ப விசாவில் வருகிறவர் வேலை செய்ய முடியாது. வேலை என்றால் அலுவலகம் மட்டுமில்லை. இட்லி மாவு அரைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்பது, வீட்டில் டியூஷன் எடுப்பது, மெஹந்தி போடுவது எல்லாம் சேரும். பலர் செய்கிறார்கள். ஆனால் யாராவது புகார் கொடுத்தால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாட்டைவிட்டே அனுப்பவும் முடியும். முடி வெட்டுவது, சுற்றுலா வழிகாட்டுவது போன்றவை வொர்க் பெர்மிட் கேட்டாலும் கிடைக்காத, தாய்க்காரர்களுக்கே ஒதுக்கிய தொழில்கள்.

தங்கம் பற்றி உங்கள் மனைவி கேட்பார் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பாத் என்பது பணம் மட்டுமல்ல, தங்கத்தின் எடையும்கூட. ஒரு பாத் நகை 15.16 கிராம், நம் இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கால் பாத்துக்கு சலுங் என்று பெயர். தரம் 96.5 சதவீதம், நம் 916ஐ விட மஞ்சள் அதிகம், மென்மையும் அதிகம். சைனா டவுனான யாவராத்தில் சிவப்பு நிறத் தங்கக் கடைகள் வரிசையாக இருக்கும். விலை தங்க வியாபாரிகள் சங்கம் அறிவிப்பதுதான், பேரம் செய்கூலியில் மட்டும். வாங்கிய கடையிலேயே திருப்பி விற்றால்தான் நல்ல விலை, ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இ-சிகரெட் கொண்டுவராதீர்கள், 2014 முதல் இறக்குமதிக்கே தடை, பார்க்க வரும் மைத்துனரிடமும் சொல்லுங்கள். கஞ்சாக் கடைப் பலகைகளைப் பார்த்து அவர் வாயைப் பிளப்பார். 2022இல் திறந்துவிட்டதை 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கினால் என்ன ஆகும் என்பது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட எதுவும் எழுதவோ பகிரவோ வேண்டாம், குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவில் மூன்று முதல் பதினைந்து வருடம் வரை சிறை. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பூங்காவில், ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள்.

வரும் முன் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் போலி. திருமணப் பதிவுச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் குடும்ப விசாவுக்கு வேண்டும். சான்றொப்பமெல்லாம் இந்தியாவிலேயே முடித்து, மூலப் பிரதியைக் கைப்பையில் எடுத்து வாருங்கள். முதல் ஒரு மாதம் சர்வீஸ் அபார்ட்மென்டில் தங்குங்கள், டிஎம் 30ஐ அவர்களே செய்துவிடுவார்கள். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், நாலைந்து வீடு பார்க்கலாம். எந்த வீடானாலும் போன மாதக் கரன்ட் பில்லைக் கேளுங்கள். தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.