மகள் கீறும் படங்களைப் பார்க்கப் பயமாக இருக்கிறது

வணக்கம். விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருசம் ஓ.எல். பரீட்சை எடுக்கப் போகிறாள். கனடாவில் இருக்கும் என் தங்கை அனுப்பிய ஆங்கிலப் படக்கதைகளைத்தான் எந்நேரமும் வாசிக்கிறாள். கிராஃபிக் நாவலாம். "உது சின்னப்பிள்ளையள் வாசிக்கிறது" என்று இவர் ஏசுவார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன கிழமை மேசை துடைக்கும்போது அவளுடைய கணக்குக் கொப்பி விரிந்து கிடந்தது. பின்பக்கங்களில் கட்டம் கட்டமாகப் படம். ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கிறோம். என் வாயிலிருந்து வரும் பேச்சுக் குமிழ் பாதிக் கட்டத்தை அடைக்கிறது. அதற்குள் "படி, ரியூசன், மாக்ஸ்" என்று நெருக்கி எழுதியிருக்கிறாள். அவளுக்கும் ஒரு குமிழ் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை. அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. இது மனநோயின் தொடக்கமா? புத்தகங்களை எடுத்து ஒளித்து வைக்கட்டா?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒளிக்க வேண்டாம். கறுப்புக் கட்டத்தை மட்டும் வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது. படக்கதை கீறுகிறவர்கள் இரவு, கோபம், கதை முடிந்தது என்று பலதுக்கும் அதைப் பாவிப்பார்கள். எனக்கு அந்தக் குமிழ்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

அவள் என்ன வாசிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வயதுக்காரருக்கு வரும் கிராஃபிக் நாவல்கள் பல வீட்டையும் வகுப்பறையையும் பற்றியவை. ரெய்னா டெல்கெமியர் 2019இல் வெளியிட்ட 'கட்ஸ்' அவருடைய சொந்தச் சிறுவயதுக் கதை. வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே அந்தப் பிள்ளைக்கு வயிறு பிரட்டும். பிறகு அவளை ஓர் ஆலோசகரிடம் கூட்டிப்போகிறார்கள். ஜீன் லுவென் யாங்கின் 'அமெரிக்கன் போர்ன் சைனீஸ்' (2006), வகுப்பில் வேறு மாதிரித் தெரிகிறோமே என்று கூசும் சீன வம்சாவளிப் பையனைப் பற்றியது. படக்கதையில் பயம் என்று எழுதத் தேவையில்லை, படத்தில் தோள் ஒடுங்கியிருந்தாலே வாசிக்கிற பிள்ளைக்கு விளங்கிவிடும்.

வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கீறிக் காட்டலாம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளையிடம் "நாங்கள் பட்ட பாட்டைவிட உன்ர கவலை பெரிசோ?" என்று கேட்காத வீடு இங்கே குறைவு. அதற்குப் பிறகு பிள்ளை ஏன் வாயைத் திறக்கப் போகிறது? (அந்தப் பாடும் கிராஃபிக் நாவலாக வந்திருக்கிறது: வன்னியில் ஐ.நா.வுக்காக வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சி பொலக் கீறிய 'வன்னி', 2019. இப்போதே வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேருமாக வாசிக்கலாம்.)

கொப்பியைப் பார்த்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். கறுப்பு ஏன் என்று விசாரணை வைக்க வேண்டாம். "என்ர குமிழ் சரியான பெரிசா இருக்கு" என்று சிரித்துத் தொடங்கலாம். அப்புறம் அவள் வாசிக்கும் புத்தகத்தில் பிடித்த ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் படம் விளங்கும். மிச்சத்தை அவள் சொல்லுவாள். அந்த நேரத்தில் மட்டும் பரீட்சையை இழுக்காதீர்கள். சுலபமில்லை, தெரியும். தகப்பனாரையும் அந்த 'சின்னப்பிள்ளையள்' ஏச்சைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், கூட்டாளிகளை விட்டு ஒதுங்கினால், தன்னைக் காயப்படுத்தினால், சாவைப் பற்றிக் கதைத்தால் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரவென்றாலும் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். அது தேசிய மனநல உதவி இணைப்பு.