புது கிரிக்கெட் பேட்டுக்கு எந்த ஷீட் ஒட்டலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் செம்மண் மைதானத்தில் லெதர் பந்தில் ஆடுகிறேன், புது இங்கிலீஷ் வில்லோ மர பேட்டுக்கு எந்த ஷீட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டின் முகத்தில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான ஆன்டி ஸ்கஃப் ஷீட்டே போதுமுங்க. விரிசல் விட்ட பழைய பேட்டுக்குத்தான் ஃபைபர் டேப், அதாவது நார் இழை கொண்ட டேப். எதுவானாலும் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் போனால் விதிப்படி ஆகாது.

ஷீட் கீறலையும் ஈரத்தையும் தடுக்கும், அவ்வளவுதான். மரம் இறுக, புது பேட்டை மரச்சுத்தியலால் தட்டிப் பழக்குவதை விட்டுவிடாதீங்க.

ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நானும் பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிய உடனேயே ஒட்டினேன். இரண்டாவது மேட்சிலேயே ஓரம் அப்பளம் மாதிரி எழும்பி, உள்ளே செம்மண் புகுந்துவிட்டது. தொட்டால் பிசுபிசுப்பே இல்லாத அளவுக்கு எண்ணெய் காயட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டினால் காற்றுக் குமிழ் நிற்காது. அப்புறம் எண்ணெய் பின்பக்கத்துக்கு மட்டும், அதுவும் லேசாக.