வெந்தய மாத்திரை சர்க்கரையைக் குறைக்குமா?

மும்பை மாட்டுங்கா கடைகளில் காப்பித்தூளுக்குப் பக்கத்திலேயே வெந்தய மாத்திரையும் பாகற்காய்ப் பொடியும் வந்துவிட்டன. ஆச்சரியமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. எவ்வளவு பெரிய சந்தை!

இவை துணை உணவுகள், மருந்துகள் அல்ல. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகிறதே, அது நீரில் கரையும் நார்ச்சத்து. குடலில் கூழாகி, சோற்றிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. (இதற்கு அஞ்சறைப் பெட்டி வெந்தயமே போதும் என்பது என் கட்சி.)

காலை நேரத்து தாதர் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் கூட்டத்தை வரிசையில் விட்டால் மேம்பாலத்தில் நெரிசல் குறையும். ஆனால் வெளிவாசல் பாதி அடைத்துக் கிடந்தால் வரிசை என்ன செய்யும்? சர்க்கரை செல்களுக்குள் போக வாசலைத் திறப்பது இன்சுலின். அது போதாமலோ, அதன் சொல் எடுபடாமலோ போவதுதான் இரண்டாம் வகை நீரிழிவு. நார்ச்சத்து அந்த வாசலைப் பழுதுபார்ப்பதில்லை.

‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது’ என்பதும் தவறு: சர்க்கரை மாத்திரையோடு இவற்றையும் சேர்த்து விழுங்கினால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, உடல் வியர்த்து நடுங்கும்.