நகரம் கொடுக்கும் பணம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் காவல்துறை குறித்த உங்கள் கட்டுரையில், 2020-இல் நள்ளிரவுச் சோதனையின்போது தன் வீட்டுக்குள் காவலர்களால் சுடப்பட்டு இறந்த பிரியானா டெய்லரின் குடும்பத்துக்கு லூயிவில் நகரம் 1.2 கோடி டாலர் கொடுத்ததை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என் சந்தேகமெல்லாம் அந்த ஒரு வரியில்தான். இவ்வளவு பெரிய தொகையைக் கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாதா? ஆகும் என்றால், சுட்டவர்கள் ஏன் உடனே சிறைக்குப் போகவில்லை? இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருக்கிறது. நீதி வேண்டும் என்று தெருவில் நின்ற குடும்பங்கள் கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்வது, பிள்ளையின் உயிரை விற்பதாகாதா? காவலர் முழங்காலால் கழுத்தை அழுத்தியதில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் விஷயத்தில் குற்ற விசாரணை முடிவதற்கு முன்பே நகரம் பணத்தை அறிவித்ததே, அது விசாரணையைப் பாதிக்கவில்லையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

‘விற்பது’ என்ற சொல்லை எழுதும்முன் நீங்கள் தயங்கியது தெரிகிறது. ஆனாலும் எழுதிவிட்டீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் குடும்பத்தின் முன்னால் இருக்கும் வழிகள் எவை என்று பாருங்கள். குற்ற வழக்கு அவர்கள் கையில் இல்லை. அதைத் தொடுப்பதா வேண்டாமா என்பதை அரசு வழக்கறிஞரும், குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியும் முடிவு செய்கிறார்கள். குடும்பம் தானாகப் போடக்கூடியது உரிமையியல் வழக்கு மட்டுமே. அதில் நீதிமன்றம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. பணம் ஒன்றைத்தான் தரமுடியும். குடும்பம் கேட்டது நீதி, சட்டம் அவர்கள் முன் வைத்தது காசோலை என்றால், அதற்குக் குடும்பத்தைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்தக் காசோலையும் எளிதில் கிடைப்பதில்லை. சுட்ட காவலர் மீது வழக்குப் போட 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உதவுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கு கிளக்ஸ் கிளான் கும்பலை ஒடுக்கக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. ஆனால் உச்ச நீதிமன்றம் பிற்காலத்தில் காவலருக்கு ஒரு கவசம் கொடுத்தது. அவர் செய்தது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்பது முந்தைய தீர்ப்புகளால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு அவரைத் தொடாது. சரி, நகரத்தின் மீது போடலாமே என்றால், 1978-இல் வந்த தீர்ப்பின்படி, காவலர் தவறு செய்தார் என்பது மட்டும் போதாது. நகரத்தின் கொள்கையோ நடைமுறையோதான் அதற்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், தண்டனையாகக் கூடுதல் தொகை விதிக்க நகரத்தின் மீது இடமில்லை என்று 1981-இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது.

இவ்வளவையும் தாண்டி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரி முன் போய் நின்றால் என்ன நடக்கும்? 2018-இல் ஃபுளோரிடாவின் செயின்ட் லூசி கவுண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். தன் வீட்டு கராஜில் இருந்தவரை, மூடிய கதவின் வழியாக ஒரு காவலர் சுட்டுக் கொன்றிருந்தார். இறுதிச் சடங்குச் செலவுக்கு ஒரு டாலர், மூன்று பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு டாலர், ஆக மொத்தம் நான்கு டாலர் என்று ஜூரி தீர்மானித்தது. தவறில் 99 சதவீதம் இறந்தவருடையது என்றும் சொன்னதால் அது நான்கு சென்ட் ஆயிற்று. நான்கு சென்ட்! வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. அதே ஆண்டு பால்டிமோர் கவுண்டியில் வேறொரு வழக்கில் ஜூரி 3.8 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ஓராண்டு கழித்து நீதிபதியே அதை ரத்து செய்தார். பிறகு மேல்நீதிமன்றம் ஜூரியின் தீர்ப்பை மீட்டது. இப்படிப்பட்ட சூதாட்டத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்க முடியாத ஒரு தாய் ராஜிக்குச் சம்மதித்தால், அவர் எதையும் விற்கவில்லை.

அடுத்து, இது ஒப்புதல் ஆகுமா என்ற கேள்வி. ஆகாது. இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில், நகரம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றே எழுதியிருக்கும். கிளீவ்லாந்தில் டாமிர் ரைஸ் வழக்கு அப்படித்தான் முடிந்தது. 2014 நவம்பர் 22 அன்று பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் அவன். ரோந்து வண்டி வந்து நின்ற இரண்டு வினாடிகளுக்குள் சுடப்பட்டான். 2015 டிசம்பரில் கிராண்ட் ஜூரி யார் மீதும் வழக்கு வேண்டாம் என்றது. 2016 பிப்ரவரியில் நகர நிர்வாகம் செய்த காரியம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சிறுவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸுக்கு 500 டாலர் பாக்கி என்று, இறந்த பிள்ளையின் பெயரில் இருந்த சொத்துக் கணக்கின் மீது உரிமை கோரியது. ஊரே கொதித்த பிறகு மேயர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றார். ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ராஜி. அதிலும் பாதி அந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு. தொகை அறிவிக்கப்பட்டதும் காவலர் சங்கத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது: இந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, துப்பாக்கியின் ஆபத்தைப் பற்றி நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் குடும்பம் முன்வரும் என்று நம்புகிறார்களாம். பணம் கொடுப்பது தவறை ஒப்புக்கொள்வதாக இருந்திருந்தால் இப்படி ஓர் அறிக்கை எழுதக் கை வருமா?

இந்தச் செய்திகளில் எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நான் தேதியைப் பார்ப்பேன். பிறகு, பணத்தோடு சேர்த்து வேறு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 20 இரவு லக்வான் மக்டொனால்ட் என்ற 17 வயது இளைஞனை ஒரு காவலர் 16 முறை சுட்டார். கையில் சிறு கத்தி இருந்தது, தாக்க வந்தான் என்று காவல்துறை சொன்னது. ஆனால் காவல் வண்டியின் கேமராவில் அவன் விலகி நடந்துபோவது பதிவாகியிருந்தது. 2015 ஏப்ரலில் குடும்பம் வழக்குப் பதிவு செய்வதற்கு முன்பே நகர மன்றம் 50 லட்சம் டாலருக்கு ஒப்புதல் அளித்தது. வழக்கே இல்லாமல் இவ்வளவு தாராளம்! விசாரணைகள் முடியும்வரை அந்த வீடியோவை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. மேயர் ராம் இமானுவேல் இரண்டாம் சுற்றுத் தேர்தலில் வென்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமை வழக்குப் போட்டு, நீதிபதி உத்தரவிட்ட பிறகே நவம்பர் 24 அன்று வீடியோ வெளியானது. அன்றைக்கே சுட்டவர் மீது கொலை வழக்கும் பதிவானது. ஒரு வாரத்தில் காவல்துறைத் தலைவரின் பதவி போயிற்று. 2018-இல் ஜூரி அந்தக் காவலரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் சேர்ந்தது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் நகரம் அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கியது ஏழு மாத மௌனத்தை.

லூயிவில் இதற்கு நேர்மாறு. நீங்கள் குறிப்பிட்ட 1.2 கோடி டாலரோடு சில சீர்திருத்தங்களும் எழுதப்பட்டன. வீட்டைச் சோதனையிட அனுமதி கேட்டு நீதிபதியிடம் போகும் விண்ணப்பத்தை, முதலில் ஒரு மேலதிகாரி படித்துச் சம்மதிக்க வேண்டும். சில அழைப்புகளுக்குக் காவலரோடு சமூகப் பணியாளரும் போகலாம். நள்ளிரவில் வீட்டுக்கதவை உடைத்து நுழைந்ததால் இறந்த ஒரு பெண்ணின் வழக்கில் இதுதான் எழுத வேண்டியது. ஒரு ஜூரி விரும்பினாலும் இப்படி உத்தரவிட முடியாது, ஜூரியால் தொகை மட்டும்தான் சொல்லமுடியும். ராஜியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. குடும்பங்களின் வழக்கறிஞர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

சிறை பற்றிக் கேட்டீர்கள். ராஜி அறிவிக்கப்பட்டது 2020 செப்டம்பர் 15. எட்டு நாள் கழித்து கிராண்ட் ஜூரி ஒரே ஒரு காவலர் மீது குற்றம் சாட்டியது. அதுவும் பிரியானாவைக் கொன்றதற்காக அல்ல, சுவரைத் துளைத்துப் பக்கத்துக் குடியிருப்புக்குள் போன குண்டுகளுக்காக. அவர் மாநில நீதிமன்றத்தில் விடுதலையானார். 2024 நவம்பரில் மத்திய அரசு தொடுத்த வழக்கில்தான், பிரியானாவின் உரிமைகளை மீறியதற்காகக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். தண்டனை 33 மாதம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். யார் பணம் இது? ஜோவன்னா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 2006 முதல் 2011 வரை 44 பெரிய காவல்துறைகளின் கணக்குகளை ஆராய்ந்தார். வழக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த தொகையில் 99.98 சதவீதத்தை அரசுதான் கொடுத்திருந்தது. காவலரின் சொந்தப் பையிலிருந்து வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. காவல்துறையின் நிதியிலிருந்தும் பெரும்பாலும் குறைவதில்லை, நகரத்தின் பொதுநிதியிலிருந்து போகிறது. சிகாகோ இதற்காகக் கடன் பத்திரங்களே வெளியிட்டிருக்கிறது. சுடப்பட்டவனின் தெருக்காரர்களும் வரியாக அதன் வட்டியைக் கட்டுகிறார்கள். சிறிய ஊர்களில் காப்பீடு கொடுக்கிறது. ஃபெர்குசனில் காவலர் சுட்டுக் கொன்ற மைக்கேல் பிரவுனின் பெற்றோருக்குக் கிடைத்த 15 லட்சம் டாலர் அப்படி வந்ததுதான். அங்கே ஒரு விசித்திரம் உண்டு: காப்பீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் ஊர் நடுங்கும். கலிஃபோர்னியாவின் மேவுட் நகரத்துக்கு 2010-இல் காப்பீடு ரத்தானது. காவல்துறை மீதான வழக்குகள் அதற்கு முக்கியக் காரணம். நகரம் தன் காவல்துறையையே கலைத்துவிட்டது. ஆண்டுக்கணக்கான போராட்டம் சாதிக்காததைப் பிரீமியம் சாதித்தது.

காவலரும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று 2020-இல் கொலராடோ சட்டம் இயற்றியது. நல்லெண்ணமின்றி நடந்தார் என்று அவரது துறையே முடிவு செய்தால், தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், எது குறைவோ அது அவருடையது. மனத்துக்கு ஆறுதலான சட்டம். ஆனால் அந்த முடிவை எடுப்பது யார் என்று பாருங்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஃபிளாய்டுக்கு வருகிறேன். அது துப்பாக்கிச்சூடு அல்ல, ஆனால் உங்கள் கேள்வி சரியானது. 2021 மார்ச் 12 அன்று மினியாபொலிஸ் 2.7 கோடி டாலர் அறிவித்தபோது ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே தேர்வான ஏழு பேரை நீதிபதி மறுபடி விசாரித்து, அந்தச் செய்தியால் மனம் சாய்ந்துவிட்டதாகச் சொன்ன இருவரை அனுப்பிவிட்டார். விசாரணையைத் தள்ளிவைக்க மறுத்தார். அதே நகரம் 2019-இல் ஜஸ்டின் டேமண்ட் என்ற பெண்ணைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்ற வழக்கில், அவரை ஜூரி குற்றவாளி என்று சொன்ன பிறகு, மூன்றே நாளில் 2 கோடி டாலருக்கு ராஜி செய்தது. அந்த வரிசைதான் சரி. 2021-இல் ஆறு வாரம் பொறுத்திருந்தால் ஃபிளாய்ட் வழக்கிலும் அப்படியே நடந்திருக்கும். குற்றவாளி என்று தீர்ப்பான காவலரின் தரப்புக்கு ஒரு வாதமும் மிஞ்சியிருக்காது. விசாரணைக்கு முந்தைய பரபரப்பைக் காட்டி அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023 ஏப்ரலில் மினசோட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.